அடைப்புக்குறிக்குள் ஒரு பிள்ளை

கேள்வி: எனக்கு 51 வயது. 1996-ல் காதலித்துத் திருமணம் செய்துகொண்டோம். கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் தினமும் கடிதம் எழுதியவர், இப்போது என்னிடம் பேசுவதெல்லாம் சரக்கு, ஜிஎஸ்டி, பாக்கி வசூல். 2000-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகூடக் கடைதான், காசு காசு என்று அலைகிறார். ஒரே மகள், பெங்களூரில் வேலை (முதல் பையன் 1999-ல் காய்ச்சலில் தவறிவிட்டான், அது பழைய கதை). போன மாதம் மகள் லேப்டாப்பில் ‘ரேண்டம் ஹார்வெஸ்ட்’ என்ற பழைய ஹாலிவுட் படத்தைப் போட்டுக் காட்டினாள். தேம்பி அழுதுவிட்டேன். கணவனுக்குப் பக்கத்திலேயே இருந்தும், அவனுக்குத் தன்னைத் தெரியாமல் போய்விட்டதே என்று வாய்மூடிக் காத்திருக்கிற அந்தப் பவுலா நான்தான். இன்னும் காத்திருக்கவா, மகளிடம் போய்விடவா?
– பெயர் வேண்டாம், ஈரோடு.

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம், இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். ஆனால் அந்த அடைப்புக்குறி நாங்கள் போட்டதில்லை அம்மா, நீங்கள் போட்டது. சினிமாவுக்கு ஒன்றரைப் பக்கம், பெற்ற பிள்ளைக்கு அரை வரி. உங்கள் பெயர் வேண்டாம் என்று எழுதினீர்கள், சரி. அந்தப் பையனின் பெயரும் நான்கு பக்கத்தில் எங்குமே இல்லை.

‘கணவர் முன்பு போல இல்லை’ என்று எனக்கு மாதத்துக்கு ஒரு கட்டுக் கடிதம் வருகிறது. உங்களுடையதையும் அந்தக் கட்டிலேயே போட்டிருப்பேன், அந்த அரை வரி இல்லாவிட்டால்.

முதலில் படத்துக்கு வருவோம், நீங்கள் அதைப் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். 1942-ல் வந்த படம், ஜேம்ஸ் ஹில்டன் அதற்கு முந்தைய வருஷம் எழுதிய நாவல். முதல் உலகப் போரில் அடிபட்டுத் தான் யாரென்றே தெரியாமல் மனநல விடுதியில் கிடக்கிற சிப்பாய், போர் முடிந்த நாள் கொண்டாட்டத்தில் காவல் தளர்ந்திருக்கும்போது வெளியே நடந்துவிடுகிறான், மேடைப் பாடகி பவுலா அவனைக் காப்பாற்றுகிறாள், இங்கிலாந்தில் டெவன் பக்கம் ஒரு சின்ன வீடு, கல்யாணம், ஒரு ஆண் குழந்தை. வேலை விஷயமாக லிவர்பூல் போன இடத்தில் டாக்ஸி மோதி, பழைய நினைவு திரும்புகிறது, நடுவிலிருந்த மூன்று வருஷம் அழிந்துபோகிறது. அந்தச் சிப்பாயாக வரும் ரொனால்டு கோல்மன் நடிக்கிறார் என்றே தோன்றாது. நிஜத்திலும் 1914-ல் மெஸீன் சண்டையில் காலில் அடிபட்டுத் திரும்பிய ஆள் அவர். பவுலா தேடி வந்து அவனுக்கே காரியதரிசியாகச் சேர்கிறாள், பிறகு பெயரளவில் மனைவியாகவும் ஆகிறாள், கடைசிவரை நான்தான் அவள் என்று சொல்வதில்லை. நம்மூரில் 1956-ல் சிவாஜி, சாவித்திரி, பத்மினியை வைத்து ‘அமரதீபம்’ எடுத்ததும் இந்தக் கதையைப் பார்த்துத்தான். காத்திருக்கிற பெண்ணைப் பார்த்து அழ எல்லா ஊரிலும் ஆள் உண்டு.

பவுலா ஏன் சொல்லவில்லை? டாக்டர் தடுக்கிறார். நீயாகச் சொன்னால் உன்மேல் அவனுக்குக் கசப்புதான் வரும் என்கிறார். உங்களை எந்த டாக்டர் தடுத்தார்? உங்கள் கணவருக்கு எந்த டாக்ஸி மோதியது?

இப்போது நீங்கள் பார்க்காமல் விட்ட பாதி. அந்தப் படத்திலும் குழந்தை இறந்துவிடுகிறது. அதை நமக்குக் காட்டுவதுகூட இல்லை, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. கடைசிக் காட்சியில், எதற்கென்றே தெரியாமல் அவன் இத்தனை வருஷம் வைத்திருந்த சாவி அந்த வீட்டுக் கதவில் சேருகிறது, அவள் கூப்பிடுகிறாள், அவனுக்கு எல்லாம் நினைவு வருகிறது, கட்டிக்கொள்கிறார்கள், படம் முடிந்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனமாக அங்கே நிறுத்திவிட்டார்கள். இன்னும் இரண்டு நிமிஷம் ஓடியிருந்தால் அவன் கேட்கப்போகும் முதல் கேள்வி, ‘பையன் எங்கே?’ அதற்குப் பவுலா என்ன சொல்வாள் என்று யோசித்தீர்களா? இத்தனை வருஷம் அவள் ஒருத்தியே சுமந்ததை அந்த வாசற்படியில் நின்று சொல்லியாக வேண்டும். உங்களுக்கும் அவருக்கும் நடுவில் நிற்பது அந்த இரண்டு நிமிஷம்தான். கால் நூற்றாண்டாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறீர்கள்.

உங்கள் கடிதத்திலுள்ள வருஷங்களை நீங்களே ஒருமுறை பாருங்கள். 1999-ல் பையன் போனான். 2000-லிருந்து ஞாயிற்றுக்கிழமையும் கடை. காசாசை என்கிறீர்கள். காசாசை பிடித்தவர் கல்யாணமான வருஷமே ஞாயிறு கடை திறந்திருக்க மாட்டாரா? ஞாயிறு முழுக்க அந்த வீட்டில் உட்கார முடியாத ஒரு மனிதர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. நான் தப்பாகவும் இருக்கலாம், ஆனால் கேட்டுப் பார்க்க உங்களுக்கு நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அவரும் வாயைத் திறக்கவில்லைதான். அவர் எழுதியிருந்தால் அவருக்கு இதைவிட அதிகமாகவே திட்டு விழுந்திருக்கும், எழுதியது நீங்கள்.

மூன்றாம் பக்கத்தில் மாமியாரைப் பற்றிய புகார்களுக்கு நடுவே இன்னொன்று வருகிறது. ‘பையன் போட்டோவைக்கூட பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், பார்த்தால் நான் அழுவேனாம்.’ பெற்றவளை அழவிடாமல் செய்தது கொடுமைதான், அந்தக் காலத்துக்காரர்கள் நல்லது என்று நினைத்துச் செய்த கொடுமை. ஆனால் மாமியார் காலமாகி ஆறு வருஷம் என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பீரோ சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?

‘ஒரே மகள்’ என்கிறீர்களே, அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தது தெரியுமா? கடிதத்தைப் பார்த்தால் தெரியாது என்றுதான் தோன்றுகிறது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது. பிறந்த பிள்ளை இரண்டு வயதில் போனாலும் எண்பது வயதில் போனாலும் அந்த வீட்டுக் கணக்கில் உண்டு, அவனுக்கு ஒரு திதி உண்டு, அன்றைக்கு ஒரு விளக்கு உண்டு, அவன் தங்கைக்கு அவன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குச் சாமி நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம், விளக்கு வேண்டாமென்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுங்கள். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து செய்ய வேண்டிய கடமை அது. ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகத் துக்கப்படுவதற்குக் கல்யாணம் எதற்கு?

பெங்களூருக்குப் போவது பற்றி. மகள் கூப்பிட்டாளா? கூப்பிட்டதாக எழுதவில்லை. காலையில் வேலைக்குப் போய் இரவு களைத்து வருகிற பெண்ணின் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, அப்பா இப்படி அப்பா அப்படி என்று தினமும் அவள் காதில் போடப்போகிறீர்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் பேசாமல் கிடப்பதை அவள் தலையில் இறக்கிவைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பீரோவைத் திறந்து போட்டோவை எடுங்கள். வருகிற ஞாயிறு மதியம் அவருக்குச் சாப்பாட்டை ஆள் மூலம் அனுப்பாதீர்கள், நீங்களே கடைக்குக் கொண்டு போங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும், வெறும் வயிற்றோடு இருக்கிற ஆண்பிள்ளையிடம் எதுவும் பேசக்கூடாது என்பது என் கட்சி. பிறகு போட்டோவைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பையனின் பெயரைச் சொல்லுங்கள். ‘நம்ம மூத்தவன்’ என்று சுற்றி வளைக்காமல், நீங்கள் இருவரும் அவனை எப்படிக் கூப்பிட்டீர்களோ அந்தப் பெயர். ‘நீங்கள் மாறிவிட்டீர்கள்’, ‘எனக்குக் கடிதம் எழுதுவதில்லை’ போன்ற கணக்கெல்லாம் அன்றைக்கு வேண்டாம். அவர் எழுந்து போய்விடலாம், எரிந்து விழலாம், கடைப் பையன் முன்னால் அழுதும் விடலாம். எதுவானாலும் நீங்கள் கிளம்பி வந்துவிடாதீர்கள், ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள், ஷட்டர் இறக்குகிறவரை. அடுத்த ஞாயிறும் போங்கள்.

மகளிடம் நீங்கள் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள், போனில் வேண்டாம், நேரில். அதற்கப்புறமும் பெங்களூர் போயே ஆக வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், பார்ப்போம். அந்தக் கடிதத்தில் பையன் பெயர் இருக்கட்டும், அச்சில் போட மாட்டேன்.