அக்காவிடம் கேளுங்கள்: ‘எல்லாரும்’ வேறு, ‘யாராய் இருந்தாலும்’ வேறு

கேள்வி: அக்கா, எனக்கு ஒரே மகள், 23 வயது. இரண்டு கிழமைக்கு முன்னம் நான் குசினியில் பிட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, பக்கத்தில் வந்து நின்று “அம்மா, நான் பான்செக்சுவல்” என்றாள். அப்பிடியெண்டால் என்ன பிள்ளை என்று கேட்டேன். “ஆணோ பெண்ணோ எண்டது எனக்குப் பெரிசில்லை” என்றாள். கையில் ரோஸ், மஞ்சள், நீலம் என்று மூன்று நிற நூல் கட்டியிருக்கிறாள். இவ்வளவு நாளும் அதைக் கோயில் நூல் என்றுதான் நினைத்திருந்தேன். போனில் தேடிப் பார்த்தேன். ‘அனைவர் மீதும் ஈர்ப்பு’ என்று இருந்தது. அன்றிலிருந்து நித்திரை இல்லை. அனைவர் மீதும் என்றால் ஒருவரோடு நின்று குடும்பம் நடத்த மாட்டாளா? பொலிஸ் பிரச்சினை வருமா? அவருக்கு இன்னும் சொல்லவில்லை.
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: தங்கச்சி, முதலில் போனில் பார்த்த அந்த விளக்கத்தைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கோ. உங்கட நித்திரையைக் கெடுத்தது அதுதான்.

‘பான்’ கிரேக்கச் சொல். எல்லாம் என்று பொருள். தமிழில் ‘அனைத்துப்பாலீர்ப்பு’ என்று எழுதுகிறோம். அதில் ‘அனைத்து’ பாலைத்தான் குறிக்கிறது, ஆட்களை அல்ல. அதை ‘அனைவர் மீதும்’ என்று ஒருவர் விரித்து எழுதிவிட்டால் போச்சு. நான் 31 வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவள். இந்த ஒரு பிழை எத்தனை வீட்டில் சண்டை மூட்டியிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கலியாணம் பேசும்போது நாங்கள் என்ன சொல்கிறோம்? “யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ, எந்த ஊரென்றாலும் பரவாயில்லை, பெடியன் நல்லவனாய் இருந்தால் காணும்.” இதைக் கேட்டு யாராவது, ஊருக்கு ஒரு மாப்பிள்ளை வேணுமாம் என்று விளங்கிக்கொள்வார்களா? உங்கட மகள் ஊருக்குப் பதிலாக ஆண், பெண் என்ற கணக்கை விட்டிருக்கிறாள். அவ்வளவுதான். யாராய் இருந்தாலும் என்றாளே தவிர, எல்லாரும் என்று சொல்லவில்லை. ஒருவரோடு நின்று வாழ்வது அவளவளின் குணம், கொடுத்த வாக்கு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி முன்பு இதே சொல்லை என்னிடம் சொன்னாள். “வெளிநாட்டு மோகம், கொஞ்ச நாளில் போய்விடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு மூன்று வருடம் அவள் என் வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஒருநாள் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு இறங்கும்போது கோட்டைக்குள் கண்டேன். மான் ஒன்று என் அர்ச்சனைத் தட்டில் வெற்றிலையை இழுக்க, அவள்தான் ஓடி வந்து தட்டைப் பிடித்தாள். அங்கேயே மர நிழலில் இருந்து கதைத்தோம். “ரீச்சர், இவ்வளவு வயதுக்கு நான் இரண்டு பேரைத்தான் விரும்பியிருக்கிறன். ஒருத்தர் ஆண், மற்றவ திருநங்கை. ரெண்டு பேரும் நான் கதைக்கேக்க இடையில குறுக்கிடாமல் கேட்டவை. எனக்கு அதுதான் பிடிச்சது” என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த நூலை அறுத்துவிடாதீங்கோ. 2010 அளவில் இணையத்தில் உருவான கொடி ஒன்றின் நிறங்கள் அவை. ரோஸ் பெண்களுக்கு, நீலம் ஆண்களுக்கு, நடுவில் இருக்கும் மஞ்சள் இந்த இரண்டு பெட்டிக்குள்ளும் தங்களை அடக்காதவர்களுக்கு. கண்ணுக்கு முன்னால் இத்தனை நாளாக அதைக் கட்டிக்கொண்டு, அம்மா எப்போது கேட்பாள் என்று பார்த்திருந்திருப்பாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

2020 ஜனவரியில் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் லேய்லா மொறன் தான் பான்செக்சுவல் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு பெண்ணோடு உறவில் இருப்பதையும் சேர்த்தே சொன்னார். அதற்குப் பிறகும் மக்கள் அவருக்கு வாக்குப் போட்டார்கள்.

பொலிஸ் பற்றிக் கேட்டீர்கள். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், ஒரே பாலினத்தவரின் உடலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ என்ற இரண்டு பிரிவுகள் உண்டு. 1995இல் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அவை செயலைப் பற்றிப் பேசுகின்றன, மனதில் உள்ள விருப்பத்தை அல்ல. அவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தப் பிரிவுகளைக் காட்டி வெருட்டுகிற ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதனால் யாருக்கு எப்போது சொல்வது என்பதை மகளிடமே விடுங்கோ. அவளின் அப்பாவுக்கும் அவளே சொல்லட்டும். அவளைக் கேட்காமல் நீங்கள் முந்தவேண்டாம். மருந்து, மந்திரம், நேர்த்தி என்று யாரும் வழி சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கோ.

இன்றைக்கு இரவு அந்த நூலில் மஞ்சள் ஏன் என்று அவளிடம் கேளுங்கோ. விடை தெரிந்தாலும் கேளுங்கோ.

கேள்வி: நாடகப் போட்டிக்குப் பிரதி எழுதுகிறேன். அதில் ஒரு பான்செக்சுவல் பெண் வருகிறாள். சனத்துக்கு விளங்க ‘இருபாலீர்ப்பு’ என்றே போடலாமா?
— மாணவர், உவர்மலை

பதில்: போடாதீங்கோ தம்பி. இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள்தான், இரண்டையும் தங்களுக்குச் சொல்லிக்கொள்கிறவர்களும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர் மேல் ஈர்ப்பு என்றால் இருபாலீர்ப்பு. ஈர்ப்பில் பாலினமே கணக்கில் வராது என்று உணர்கிறவர்கள் பான்செக்சுவல் என்ற சொல்லை எடுக்கிறார்கள். எந்தச் சொல் என்பதை அந்த ஆள்தான் சொல்லவேண்டும். விளங்காதே என்ற பயம் வேண்டாம். 2018 ஏப்ரலில் அமெரிக்கப் பாடகி ஜனெல் மோனே தன்னை இந்தச் சொல்லால் சொன்னவுடன், சனம் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் போய்த் தேடித் தள்ளியது. மேடையிலும் அவள் ஒருமுறை சொல்லட்டும், பக்கத்தில் நிற்பவர் “அப்பிடியெண்டால்?” என்று கேட்கட்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்தவரின் குடும்பத்தைக் குழப்ப வருகிறவளாக அவளை ஆக்காதீங்கோ. கடைசிக் காட்சியில் சாகவும் வைக்காதீங்கோ. அவளுக்கு ஒரு வேலை கொடுங்கோ, சீட்டுக் காசு கட்டவேண்டிய அவசரம் கொடுங்கோ, ஒரே ஒருவர் மேல் விருப்பம் கொடுங்கோ. அந்த ஒருவர் யாரென்று எழுதியதும் பிரதியை எனக்கும் அனுப்புங்கோ.