சிறிய காருக்கு டர்போவா, நைட்ரஸா?
வணக்கம். நாள்தோறும் ஓட்டும் பழைய 1.6 லிட்டர் காரின் சக்தியைக் குறைந்த செலவில் கூட்ட டர்போ (புகைவாயுவின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) நல்லதா, நைட்ரஸ் (எஞ்சினுக்குள் செலுத்தி, கூடுதல் பெட்ரோலை எரிக்க உதவும் வாயு) நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். பந்தயத் தடத்தில் சில நொடிகளுக்கு மட்டும் போதுமென்றால் நைட்ரஸ் மலிவானது. ஆனால் அந்த வாயு சிலிண்டர் தீர்ந்ததும் பழைய சக்தியே மிஞ்சும்.

அன்றாட ஓட்டத்துக்கு டர்போவையே சொல்வேன். ஆனால் இன்டர்கூலர் (டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விப்பது), பெரிய இன்ஜெக்டர்கள் (பெட்ரோலைப் பீய்ச்சுபவை), இசியு டியூனிங் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை அதற்கேற்ப மாற்றுவது) ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு டர்போவை மட்டும் மாட்டினால், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது பெட்ரோல் போதாமல் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) ஏற்பட்டு, பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட மெல்லிய விளிம்பே முதலில் உடையும். இந்த அவசரம் நல்ல எஞ்சின்களைப் பாழாக்குகிறது; பணம் சேரும்வரை தயவுசெய்து பொறுத்திருங்கள்.

எதற்கும் முன்பு கம்ப்ரஷன் சோதனை (எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று அளப்பது) செய்துவிடுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் குறைவாகக் காட்டினால், அந்தப் பணம் எஞ்சினைச் சீராக்கவே செலவாகட்டும்.