1969 மஸ்டாங் காருக்கு வினைல் ஸ்ட்ரைப் ஒட்டலாமா, பெயின்ட்தான் அடிக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் 1969 மஸ்டாங் மாக் 1 (ஃபோர்டு மஸ்டாங்கின் வேகமான மாடல்) ஒன்றை வாங்கியிருக்கிறார். வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தாயிற்று, பக்கவாட்டுக் கோடுகள்தான் பாக்கி. அதை வினைலாக, அதாவது பின்பக்கம் பசை உள்ள பிளாஸ்டிக் படலமாக வாங்கி வீட்டிலேயே ஒட்டலாமா, இல்லை ஸ்டிக்கர் ஒட்டினால் பழைய காரின் மதிப்பே போய்விடும் என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமா என்பது கேள்வி.

ஒட்டலாம். தாராளமாக ஒட்டலாம். அந்தக் காருக்கு வினைல்தான் சரி. இதே மாடலில் நானும் ஒரு கார் வைத்திருக்கிறேன், கோடுகளை வீட்டு கராஜில் என் கையால் ஒட்டியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நண்பர்கள் சொன்னதற்கு வருகிறேன். ஒரு கார் கண்காட்சியில் என் வண்டியின் கோட்டை நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒருவர், "ஓ, வெறும் ஸ்டிக்கரா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அன்றைக்கு அவரிடம் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். 1969 மாக் 1 தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோதே அதன் பக்கவாட்டில் இருந்தது டேப்தான். இரவில் எதிரே வரும் காரின் வெளிச்சம் பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டிவ் டேப். அதே ஆண்டு மஸ்டாங்கின் இன்னொரு மாடலான பாஸ் 302 காருக்கு வடிவமைப்பாளர் லாரி ஷினோடா வரைந்து கொடுத்த 'சி' வடிவக் கோடும் ஒட்டியதுதான். 1970 ஏஎம்சி ரெபெல் மெஷினின் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளும் ரிஃப்ளெக்டிவ் டேப்தான். 1971 பிளைமவுத் குடாவின் பின்பக்கத்தை முழுதாக மூடிய பெரிய பில்போர்டு எழுத்து, 1973 போன்டியாக் டிரான்ஸ் ஆம் பானெட்டில் சிறகு விரித்த பறவை, எல்லாம் ஒட்டியவைதான். ஓடிக்கொண்டிருக்கும் அசெம்பிளி லைனில் ஒவ்வொரு காரையும் நிறுத்தி, மறைப்புத்தாள் ஒட்டி, இரண்டாவது நிறம் அடித்து, மறுபடியும் சூளையில் காய வைத்தால் எவ்வளவு நேரம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். டேப் என்றால் சில நிமிட வேலை. அதனால்தான் அந்தக் காலத்தில் இத்தனை விதமான கோடுகள் வந்தன.

பெயின்டுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1965 ஷெல்பி ஜிடி350 காரின் வெள்ளை உடம்பில் ஓடும் நீலப் பட்டைகள் பெயின்ட். கமாரோ இசட்/28, 1970 செவெல் எஸ்எஸ் கார்களின் பானெட்டிலும் டிக்கியிலும் இருக்கும் அகலப் பட்டைகளும் பெயின்ட். 1951இல் பிரான்ஸின் லெ மான்ஸ் கார் பந்தயத்துக்கு அமெரிக்கர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் கொண்டுபோன வெள்ளைக் கார்களில் ஓடிய நீலக் கோடுகள்தான் இந்தக் குடும்பத்துக்கே மூத்தவை, அவையும் பெயின்ட்தான். அந்த வண்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டினால் ஒருவர் முகம் சுளிப்பதில் எனக்கு வருத்தமில்லை. தொழிற்சாலை எதை எப்படிச் செய்ததோ அதை அப்படியே செய்தால்தான் அசல். உங்கள் மாக் 1 காரில் பெயின்ட் அடித்துக் கோடு போட்டால் விவரம் தெரிந்த கண்காட்சி நடுவர் அதற்குத்தான் மதிப்பெண் குறைப்பார். இதை உங்கள் நண்பர்களிடம் காட்டுங்கள்.

நான் இதைத் தொழிலாகச் செய்பவன் இல்லை. தினமும் வண்டிகளுக்கு ராப் (வண்டியை மூடும் படலம்) ஒட்டுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் அவர்கள் ஒட்டுவது பெரும்பாலும் நேற்று ஷோரூமிலிருந்து வந்த காரில். ஐம்பது ஆண்டு தாண்டிய காரில் பிரச்சினையே வேறு. அதனால் நான் சொல்வதைப் பழைய கார் வைத்திருப்பவனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயின்ட் எப்போது அடித்தது? கேள்வியில் அது இல்லை. கடையிலிருந்து வந்து சில நாள்தான் ஆகிறது என்றால் ஸ்ட்ரைப் கிட்டை அலமாரியில் வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். கைக்குக் காய்ந்த மாதிரி இருந்தாலும் பெயின்டுக்குள் இருக்கும் கரைப்பான் வாரக்கணக்கில் மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அதன்மேல் காற்றுப் போகாத படலத்தை ஒட்டினால் வாயு வெளியே வர வழியில்லாமல் கோடு முழுக்கக் கொப்புளம் கட்டும். என்ன ரகப் பெயின்ட், சூளையில் காய வைத்தார்களா என்று அடித்தவரிடமே கேட்டு, அவர் சொல்லும் காலத்துக்கு மேலும் கொஞ்சம் காத்திருப்பது நல்லது. அதுவரை வேக்ஸ், பாலிஷ் எதையும் அந்த இடத்தில் தடவாதீர்கள்.

பெயின்ட் கடை என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் காரை ஒரு கடையில் விட்டேன். ஒரு குளிர்காலத்தில் கொடுத்தது, அடுத்த குளிர்காலம் வரை திரும்பவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். நேரில் போனால் என் வண்டி மூலையில், மேலே வேறொருவரின் பம்பர் சாய்த்து வைத்திருக்கும். நடுவில் இன்சூரன்ஸ் வேலை வந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை, ஏனென்றால் அதில் உடனே காசு வருகிறது. பழைய கார்க்காரன் காத்திருப்பான் என்று அவர்களுக்குத் தெரியும். கடைசியில் வண்டி வந்தபோது கழற்றி வைத்த மோல்டிங் கிளிப்புகள் பாதி இல்லை. கேட்டால் "அப்படித்தான் வந்தது" என்றார்கள். ஒவ்வொன்றையும் பையில் போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தவன் நான். பெயின்ட் நன்றாக இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவரின் பொருளை வாங்கி வைத்துக்கொண்டு அவரையே கெஞ்ச வைப்பது எந்த நியாயத்தில் சேரும்? காரைக் கடையில் விடுபவர்கள் முதல் நாளே எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கோட்டுக்கு வருவோம். ஒட்டுவது அரை நாள் வேலை. கோடு எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வதுதான் பெரிய வேலை, அதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுத்தேன்.

முதலில் கதவுகளைப் பாருங்கள். இந்த மஸ்டாங்கில் கதவு நீளம், கனமும் அதிகம். காலப்போக்கில் கீலின் புஷ் தேய்ந்து கதவின் பின் முனை தொங்கிவிடும். கதவைக் கொஞ்சம் திறந்து, பின் முனையைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் கீலைச் சரிசெய்யுங்கள். கோடு ஒட்டிய பிறகு கதவைச் சரிசெய்தால் கதவோடு கோடும் ஏறிவிடும், பக்கத்துப் பேனலோடு பொருந்தாது. பானெட், ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள பேனல்) இடைவெளிகளையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும்.

அப்புறம் அளக்கும் டேப் காட்டும் அளவை மட்டும் நம்பாதீர்கள். என் வண்டியில் வலது முன் ஃபெண்டர் எப்போதோ அடிபட்டு மாற்றியது, இப்போது செய்து விற்கும் நகல். அதன் மடிப்புக் கோடு அசல் கதவின் மடிப்போடு முழுதாகச் சேராது. அதனால் கிட்டைப் பிரிக்கும் முன் கோடு போகும் பாதை முழுவதும் மெல்லிய மாஸ்கிங் டேப்பை ஒட்டி வைத்தேன், இரண்டு பக்கமும். காரை வெளியே தள்ளி, தள்ளி நின்று பார்த்தோம். என் மனைவிக்குக் கார்மேல் பெரிய ஆர்வம் கிடையாது, ஆனால் கண் கூர்மை.

"ஏங்க, முன்னாடி கோடு தூக்கின மாதிரி இருக்கே."

"கீழே இருந்து அளந்தா ரெண்டு பக்கமும் ஒரே அளவுதாம்மா."

"அளவு இருக்கட்டும். இங்க வந்து நின்னு பாருங்க."

போய்ப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. மாற்றிய ஃபெண்டரில் நான்கு மில்லிமீட்டர் இறக்கியதும் கண்ணுக்கு நேரானது. அளவில் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் வித்தியாசம் வந்துவிட்டது, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் யாராலும் பார்க்க முடியாது. ஒரு பக்கத்துக்குள் கோடு தடங்கலின்றி ஓட வேண்டும், கண் அதைத்தான் தேடும். காலை வெயிலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, குனிந்து ஒருமுறை, முன் விளக்கின் பக்கத்திலிருந்து நீளவாக்கில் ஒருமுறை பாருங்கள். திருப்தியானதும் கோட்டின் மேல் விளிம்புக்கு வெளியே அடையாளத்துக்கு ஒரு டேப்பை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடலாம்.

பொருள் வாங்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. சாதாரணப் படலத்தில் காஸ்ட், கேலண்டர்டு என்று இரண்டு ரகம். திரவ நிலையில் ஊற்றிச் சூளையில் காய வைப்பது காஸ்ட். அதற்கு இழுவிசை எதுவும் மிச்சமில்லாததால் வளைவில் படிந்து அப்படியே கிடக்கும். சப்பாத்தி மாவு மாதிரி உருளைகளுக்கிடையே அழுத்தி நீட்டுவது கேலண்டர்டு. அது வெயிலில் பழைய அளவுக்கே சுருங்கப் பார்க்கும். ஒன்றிரண்டு கோடையில் விளிம்பு உள்வாங்கி, சுற்றிலும் அழுக்குக் கோடு தெரியும். 'பிரீமியம்' என்று மட்டும் எழுதி, ரகத்தைச் சொல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். உங்களுக்குத் தேவையான ரிஃப்ளெக்டிவ் படலம் இந்த இரண்டையும்விட விறைப்பானது. உள்ளே நுண்ணிய கண்ணாடி மணிகள் இருப்பதால் இழுத்தால் நிறம் மாறும் அல்லது விரிசல் விடும். அதை எங்கேயும் இழுக்கக் கூடாது, வைத்து அழுத்த மட்டும்தான் வேண்டும்.

ஒட்டும் நாளில் உலோகம் கைக்குச் சில்லென்றும் இருக்கக் கூடாது, சுடவும் கூடாது. 60 முதல் 80 டிகிரி ஃபாரன்ஹீட் எனக்குச் சௌகரியமாக இருந்தது. நேர் வெயிலில் வேண்டவே வேண்டாம். பாதையை சோப்புத் தண்ணீரில் கழுவி, தேவைப்பட்டால் க்ளே பார் (படிந்த அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) தேய்த்து, கடைசியாகத் தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உடனே உலர்த்துங்கள். கதவு விளிம்புகளின் உள்பக்கத்தையும் விடாதீர்கள், பிற்பாடு படலம் உரிய ஆரம்பிப்பது அங்கேதான்.

ஈரமாக ஒட்டுவதா, உலர்வாகவா என்று பெரிய சண்டையே உண்டு. உற்பத்தியாளர் ஈரமாக ஒட்டலாம் என்று எழுதியிருந்தால், முதல்முறை ஒட்டுகிறவருக்கு அதுதான் நல்லது என்பது என் கருத்து. தண்ணீரில் சில சொட்டு பாத்திர சோப்பு கலந்து பேனலிலும் பசைப் பக்கத்திலும் தெளித்தால் துண்டை நகர்த்தி அடையாளத்தோடு பொருத்த நேரம் கிடைக்கும். வேண்டாம் என்று எழுதியிருந்தால் துண்டின் நடுவில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கே போட்டு அதைக் கீல் மாதிரி வைத்து, ஒரு பாதியின் பின்தாளை மட்டும் உரித்து ஒட்டி, அப்புறம் மறுபாதிக்குப் போங்கள். என் கிட்டில் பேனலுக்கு ஒரு துண்டாக வந்தது. முதலில் கதவு, அதன்பின் அதற்கு இரண்டு பக்கத்துத் துண்டுகள் என்று போனேன். நடுவில் இருக்கும் துண்டு சரியாக உட்கார்ந்தால் மற்றவை அதைப் பின்பற்றும்.

துணி ஒட்டிய ஸ்க்வீஜியால் (தண்ணீரையும் காற்றையும் தள்ளும் பட்டை) நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி அழுத்தித் தள்ளுங்கள். ட்ரான்ஸ்ஃபர் டேப்பை (படலத்தின் மேல்பக்கம் ஒட்டி வரும் தாள்) மேல்நோக்கி இழுக்காமல், பின்பக்கமாக மடித்துத் தட்டையாக உரிக்க வேண்டும். எங்காவது படலமும் கூடவே எழுந்தால் திரும்ப வைத்து அழுத்திவிட்டு கொஞ்ச நேரம் கழித்து முயலுங்கள். சின்னத் தண்ணீர்க் குமிழிகள் சில நாளில் தானாகவே போய்விடும். காற்றுக் குமிழி என்றால் ஓரத்தில் ஊசியால் ஒரு குத்து, அப்புறம் விரலால் அழுத்தினால் போதும். கதவு விளிம்பில் சில மில்லிமீட்டர் உள்ளே மடித்து, ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டி அழுத்துங்கள். பெயின்ட்மேல் பிளேடு வைத்து வெட்டாதீர்கள். அங்கே ஒரு கீறல் விழுந்தால் துருவுக்கு வழி திறந்துவிட்ட மாதிரிதான். நீளம் குறைக்க வேண்டுமானால் ஒட்டும் முன்பே மேசையில் வெட்டுங்கள்.

ஒட்டி முடித்த பிறகு இரண்டு மூன்று நாளாவது கழுவ வேண்டாம். பிறகும் பிரஷர் வாஷர் முனையை விளிம்புக்கு நேராகக் காட்டாதீர்கள். மீந்த துண்டுகளையும், கிட் விற்றவரின் விலாசமும் பாக எண்ணும் உள்ள தாளையும் டிக்கியில் ஒரு குழாயில் சுருட்டி வையுங்கள். யாராவது பார்க்கிங்கில் கதவை இடித்துவிட்டால் அந்த ஒரு துண்டை மட்டும் வரவழைத்து, பழைய துண்டோடு நிறம் வைத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பெயின்ட் கோடாக இருந்தால் அதற்கு மறுபடியும் ஒரு கடையில் போய் நிற்க வேண்டும்.