யானைக்கால் நோய்: கேள்வி பதில்

கேள்வி (கும்பகோணம்): அம்மாவுக்கு இடது கால் பல வருடமாக வீக்கம். அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்து கால் சிவந்து, தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. மறுபடி டி.இ.சி. (யானைக்கால் புழுவுக்கான மருந்து) மாத்திரை போடலாமா?

பதில்: இந்தக் காய்ச்சலுக்கு டி.இ.சி. உதவாது. புழு கெடுத்தது நிணநீர்க் குழாயை. காய்ச்சலைக் கொண்டுவருவது பாக்டீரியா. அது நுழையும் வாசல் பெரும்பாலும் கால்விரல் இடுக்கு. அம்மாவின் நான்காவது, ஐந்தாவது விரலைப் பிரித்துப் பாருங்கள். தோல் வெளுத்து ஊறி, வெடித்திருக்கும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் தடிக்கும். வெடிப்பு ஆறினால் காய்ச்சலும் குறையும்.

தினமும் சாயங்காலம் சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். சோப்பைக் கையில் நுரைத்து, வீக்கம் தொடங்கும் இடத்திலிருந்து பாதம்வரை இறங்கி வாருங்கள். மடிப்புகளுக்குள் விரலை விட்டுக் கழுவுங்கள். பிரஷ், பீர்க்கங்கூடு கூடாது. நுரை போகும்வரை அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். இடுக்கு ஈரமாக இருந்தால் இத்தனையும் வீண். பிறகு அங்கே பூஞ்சைக் களிம்பு. இதய நோய் இல்லையென்றால் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். காய்ச்சல் நாட்களில் பயிற்சி, கட்டு எதுவும் வேண்டாம். ஈரத்துணி, பாராசிட்டமால், ஆன்டிபயாடிக்குக்கு அன்றே மருத்துவர்.

கேள்வி: பகலில் ரத்தம் எடுத்தார்கள், புழு இல்லை என்றார்கள். நம்பலாமா?

பதில்: ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் ரத்தப்பூச்சு என்றால் நம்ப முடியாது. நம் ஊர் நுண்புழு (தாய்ப்புழுவின் குஞ்சு) பகலில் நுரையீரலில் பதுங்கி, இரவு 10 மணியிலிருந்து 2 மணிவரைதான் வெளி ரத்தத்தில் அதிகம் திரியும். பகலிலேயே பார்க்க புழுவின் சுவட்டை ரத்தத்தில் காட்டும் ஆன்டிஜென் பரிசோதனைப் பட்டை இருக்கிறது. அதைச் சரியாக 10 நிமிடத்தில் படிக்க வேண்டும். தாமதமாகப் பார்த்தால் இல்லாத கோடும் தெரியும்.

கேள்வி: அப்பாவுக்கு விரைவீக்கம். மாத்திரையில் வற்றுமா?

பதில்: வற்றாது. அறுவை சிகிச்சைதான். சர்ஜனிடம் போங்கள்.

கேள்வி: கால் வீங்கியவரோடு ஒரே வீட்டில் இருந்தால் ஒட்டுமா?

பதில்: ஒட்டாது. வீங்கிய காலோடு இருப்பவர் ரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழுவே இருக்காது. கொசு வழியாகப் பரப்புவது, நன்றாக நடமாடிக்கொண்டு ரத்தத்தில் நுண்புழு வைத்திருப்பவர்.

கேள்வி: அப்படியானால் எனக்கு ஒன்றும் இல்லையே. ஊரில் எல்லோருக்கும் கொடுக்கும் முகாம் மாத்திரையை நான் ஏன் விழுங்க வேண்டும்? கொசுவை ஒழித்தால் போதாதா?

பதில்: "ஒன்றும் இல்லை" என்பது எந்த இரவுப் பரிசோதனையில் தெரிந்தது? தாய்ப்புழு உடம்பில் ஐந்தாறு வருடம் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். மாத்திரை முக்கியமாகக் கொல்வது அந்தக் குஞ்சுகளை. அதனால்தான் வருடம் ஒருமுறை, பல வருடம். மொத்த மக்களில் 65 விழுக்காட்டினராவது விழுங்கினால்தான் பரவல் அறுபடும். இலங்கை 2002 முதல் 2006 வரை கொடுத்து முடித்தது. 2016-இல் நோயை ஒழித்ததற்கு உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது. இந்தியா 2004-இல் நாடு தழுவித் தொடங்கியும் ஒழிப்பு இலக்கு 2027-க்கு வந்து நிற்கிறது. காரணங்களில் ஒன்று, வாங்கிய மாத்திரை அலமாரியில் தூங்குவது.

அதே நபர்: போன தடவை போட்டவருக்குக் காய்ச்சல் வந்ததே! இது மருந்தா, விஷமா?

பதில்: நுண்புழுக்கள் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினை அது, பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். ஒன்றும் இல்லாதவருக்கு அநேகமாக இப்படி வராது. உங்கள் கேள்விக்கு அந்தக் காய்ச்சலே பாதி பதில். ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருடு நோய் (வேறொரு புழுவால் பார்வை போகும் நோய்) உள்ள பகுதிகளில் டி.இ.சி. கண்ணைக் கெடுக்கும் என்பதால் அங்கே கொடுப்பதில்லை. இந்தியாவில் அந்த நோய் இல்லை.

கேள்வி: எத்தனை மாத்திரை?

பதில்: இருமருந்து முகாமில் 2–5 வயதுக்கு டி.இ.சி. 100 மி.கி., 6–14-க்கு 200, 15-உம் அதற்கு மேலும் 300. கூடவே அல்பெண்டசோல் என்ற புழுமருந்து 400 மி.கி. வெறும் வயிற்றில் வேண்டாம். 2 வயதுக்குக் கீழ், கர்ப்பிணி, கடும் நோயாளிகளுக்குக் கிடையாது.

கேள்வி: வெந்நீர் ஒத்தடம், மூலிகைப் பற்று?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். வெந்நீர் வேண்டாம். புண்ணில் பற்று வேண்டாம்.

கேள்வி: கொசுத்தொல்லைக்கு வாரம் ஒருமுறை புகை அடிக்கச் சொல்லலாமா?

பதில்: புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், சாக்கடையில் வளரும் கொசுப்புழுவைக் கொல்லாது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு விரும்புவது அழுக்குத் தண்ணீர். உங்கள் செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள், மூடியின் விரிசலை சிமென்ட் வைத்து அடையுங்கள்.