குறிப்பேடு போன பிறகு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மதுரை திருநகரில் வசிக்கிறேன். வயது 34. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நண்பர்கள் கூடி ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கதை விளையாட்டை ஆடுகிறோம். இரண்டரை ஆண்டுகளாக ஒரே கதை தொடர்கிறது. நான்தான் கதையை நடத்தும் கேம் மாஸ்டர். கதை நடக்கும் உலகத்தை நானே உருவாக்கினேன். நம் மதுரையைப் போல வளையம் வளையமாகத் தெருக்கள் கொண்ட ஒரு நகரம், தண்ணீரைவிட மணல் அதிகம் உள்ள ஓர் ஆறு, ஆற்றுக்கு அப்பால் கற்படுக்கைகள் வெட்டிய குன்றுகள். அந்தப் படுக்கைகள் யாருக்காக வெட்டப்பட்டன என்பதுதான் கதையின் மர்மம்.

குறிப்புகள் அனைத்தையும் கைப்பேசியில் ஒரு செயலியில் வைத்திருந்தேன். சென்ற மாதம் புதுக் கைப்பேசி வாங்கி அதில் கணக்கைத் திறந்தபோது ஒன்றுமே இல்லை. மடிக்கணினியைத் திறந்தேன்; என் கண்ணெதிரே அங்கிருந்தவையும் மறைந்தன. செயலிக்காரர்களுக்கு எழுதினேன், மீட்க வழியில்லை என்று பதில் வந்தது. ஊர்ப் பெயர்கள், வரைபடம், எத்தனையோ துணைப் பாத்திரங்கள், இனி வரவேண்டிய திருப்பங்கள் எல்லாம் போய்விட்டன. எங்களோடு ஆடிவந்த நண்பர் ஒருவர் துபாய்க்கு வேலைக்குப் போனபோது அவருடைய பாத்திரம் குன்றுக்குள் காணாமல் போனதாக வைத்தேன். அவர் திரும்பி வந்தால் ஆடலாம் என்று எழுதி வைத்திருந்த பகுதியும் போயிற்று.

நண்பர்களிடம் இன்னும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்று ஆட்டத்தைத் தள்ளிப்போட்டு வருகிறேன். “விளையாட்டுக்கு எழுதியதுதானே, இதற்கா இப்படி இருக்கிறீர்கள்?” என்று மனைவி கேட்கிறார். இந்தக் கதையை இத்துடன் முடித்துவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
திருநகர், மதுரை

—

அன்புள்ள நண்பருக்கு,

முடிக்க வேண்டாம்.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி, 1974இல் வெளிவந்தது இது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் உலகத்தைச் சொல்வார்: “குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே விளக்கு எரிகிறது.” மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். நம் தாயத்திலும் பகடை உண்டு, ஆனால் அங்கே அது காயை நகர்த்துகிறது. இங்கே கதையையே திருப்பிவிடுகிறது. உலகத்தைச் சொல்பவர் கேம் மாஸ்டர். அடுத்த வாரம் நண்பர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று தெரியாததால் எல்லாப் பக்கத்துக்கும் எழுதி வைத்திருப்பார். அதில் பெரும்பகுதி மேசைக்கே வராது.

ஆகவே உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. அவர் அக்கறையால்தான் கேட்கிறார். ஆனால் அலுவலகம் விட்டு வந்து, இரவுகளில் உட்கார்ந்து, ஐந்தாறு பேருக்காக மட்டும் ஒருவர் ஓர் உலகத்தை எழுதியிருக்கிறார் என்றால் அது எழுத்துதான். அச்சேறாததும், வாசகர் விரல்விட்டு எண்ணும்படி இருப்பதும் அதன் மதிப்பைக் குறைக்காது. எழுதியது அழிந்தால் எழுதியவருக்கு வலிக்கும். இதை வெட்கப்படாமல் அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது அவசரமான காரியம். பழைய கைப்பேசி எங்கே இருக்கிறது? விற்றுவிடவோ துடைத்துவிடவோ செய்யவில்லை என்றால், அதை இணையத்தில் சேர விடாதீர்கள். சிம்மைக் கழற்றுங்கள், வீட்டு வைஃபையை அணையுங்கள், பிறகு கைப்பேசியை இயக்கி, ஏரோபிளேன் மோடில் போட்டு, அதன்பின் செயலியைத் திறங்கள். பல செயலிகள் கருவிக்குள்ளும் ஒரு பிரதி வைத்திருக்கும். இணையம் கிடைத்தவுடன் “மையக் கணினியில் ஒன்றுமில்லை, இங்கேயும் இருக்கக்கூடாது” என்று அதையும் அழித்துவிடும். உங்கள் மடிக்கணினியில் நடந்தது பெரும்பாலும் அதுதான். ஒத்திசைவு என்பது ஓரிடத்தில் நடந்ததை எல்லா இடத்திலும் நடத்திவைப்பது, அழிவையும் சேர்த்து. உள்ளே ஏதாவது தெரிந்தால் இன்னொரு கைப்பேசியால் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை எப்போதாவது கூகுள் டிரைவில் வைத்து அழித்திருந்தால் அதன் குப்பைத்தொட்டியையும் பாருங்கள்; அங்கே 30 நாள் இருக்கும்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் ஆட்டம் ஐந்தாறு தலைகளுக்குள் இருக்கிறது. அதை எடுப்பதில் ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நண்பர்களைக் கூட்டிப் பேசுவதற்கு முன்னால், நீங்கள் தனியாக உட்கார்ந்து உங்களுக்கு மட்டும் தெரிந்ததை எழுதுங்கள். படுக்கைகள் யாருக்காக வெட்டப்பட்டன? காணாமல் போன பாத்திரம் இப்போது எங்கே இருக்கிறது? நகரத்தில் யார் பொய் சொல்கிறார்கள்? காகிதத்தில், பேனாவால், அழகு பார்க்காமல் எழுதுங்கள். இதைச் செய்யாமல் நண்பர்களின் பேச்சைக் கேட்டீர்கள் என்றால், அவர்கள் ஊகித்தது எது, நீங்கள் எண்ணியிருந்தது எது என்று பிறகு உங்களாலேயே பிரிக்க முடியாது.

கேம்பிரிட்ஜில் இருந்த உளவியலாளர் ஃபிரடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னவர்கள் தங்களுக்குப் பழக்கமில்லாதவற்றை விட்டுவிட்டார்கள், பழக்கமானவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். தாங்கள் மாற்றியதே அவர்களுக்குத் தெரியவில்லை. நினைவு ஒவ்வொரு முறையும் கதையைப் புதிதாகக் கட்டுகிறது.

இதனால்தான் நண்பர்களிடமும் ஒன்றாகக் கேட்காதீர்கள். உண்மையைச் சொல்லிவிட்டு, “நம் கதையை ஆரம்பத்திலிருந்து நினைவில் உள்ளபடி சொல்லுங்கள், மற்றவரிடம் கேட்காதீர்கள்” என்று ஒவ்வொருவரிடமும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வாங்குங்கள். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: “இப்போது உங்களுக்கு யார்மேல் சந்தேகம், ஏன்?” மர்மக் கதை நடத்துபவருக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி கிடையாது. நீங்கள் எந்தெந்தத் தடயங்களைக் கொடுத்துவிட்டீர்கள், எவை அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை என்று அந்த ‘ஏன்’ சொல்லிவிடும். கொடுத்த தடயத்துக்கு எதிராகக் கதை போனால்தான் நண்பர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். மற்றபடி ஒரு சத்திரக்காரரின் பெயர் மாறிப்போனால் யாரும் வருந்தப்போவதில்லை.

பாத்திரங்களின் விவரம் எழுதிய தாள்கள், அதாவது கேரக்டர் ஷீட்டுகள், அவர்களிடம்தானே இருக்கின்றன? அவற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கையில் என்ன பொருள், எங்கே கிடைத்தது, யாரிடம் கடன் என்று ஓரங்களில் கிறுக்கியிருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறு இரவுகளில் நடந்த பேச்சையும் தேடுங்கள். ஆட்டம் முடிந்த சூட்டில் எழுதியதால் அதற்கு நம்பகம் அதிகம். தேதியும் இருக்கும்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு முரண்பாடுகள் வரும். ஒருவர் பாலத்தில் காவலன் செத்தான் என்பார், இன்னொருவர் தப்பினான் என்பார். உங்களுக்கே நினைவிருக்காது. எதை ஏற்பது? மதுரைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் பழைய கதை ஒன்று இருக்கிறது, இறையனார் களவியல் என்ற பழைய இலக்கண நூலின் உரையில் வருவது. வரலாறு என்று சொல்லவில்லை, மரபு சொல்வது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். அரசன் புலவர்களைப் பிழைக்கும் இடம் பார்த்துப் போகச் சொன்னான். மழை பெய்து நாடு நாடானதும் தேடி அழைத்தபோது, எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர்கள் கிடைத்தார்கள். பாட்டு எதைப் பற்றியது என்பதற்கான இலக்கணமாகிய பொருளதிகாரம் அறிந்தவர் ஒருவரும் அகப்படவில்லை. பொருள் இல்லாமல் எழுத்தும் சொல்லும் எதற்கு என்று அரசன் கலங்கினான். ஆலவாயில், அதாவது மதுரையில், இறைவன் அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழே வைத்தான். உடனே புலவர்கள் ஆளுக்கோர் உரை செய்தார்கள், எது சரி என்று சண்டை வந்தது. அப்போது தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்டவன் யார் தெரியுமா? உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளை. அவனுக்கு வாதாடத் தெரியாது. மருதனிளநாகனார் உரை சொன்னபோது சில இடங்களில் கண்ணீர் விட்டான். நக்கீரர் சொன்னபோது சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்து இருந்தான். அதுவே மெய்யுரை என்று கொண்டார்கள். அந்த உரையும் உடனே ஏட்டில் ஏறிவிடவில்லை. பத்துத் தலைமுறை வாய்வழியாக வந்தது என்று அதே உரை சொல்கிறது.

எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன். தொலைந்ததை மீட்டவர்கள் கேட்பவனின் உடம்பை அளவுகோலாக வைத்தார்கள். உங்கள் நண்பர்கள் கூடியதும் இரண்டு வடிவங்களையும் சொல்லிக் காட்டுங்கள். காவலன் செத்ததாகச் சொன்னபோது அவர்கள் முகம் எப்படி இருந்தது, தப்பியதாகச் சொன்னபோது எப்படி இருந்தது என்று பாருங்கள். தடயங்களில் மட்டும் கறாராக இருங்கள். மற்ற எல்லாவற்றிலும் அவர்களை நிமிர்ந்து உட்கார வைத்த வடிவமே இனி நடந்ததாகட்டும்.

வரைபடத்தைப் பற்றி நீங்கள் அதிகம் வருந்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதைத்தான் மிக எளிதாகத் திரும்பப் பெறலாம். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. நீங்கள் எந்த ஊரைப் பார்த்து வரைந்தீர்களோ அந்த ஊர் அப்படியே இருக்கிறது. ஒருநாள் விடியற்காலையில் நண்பர்களோடு மாசி வீதிகளைச் சுற்றி நடங்கள். “இங்கேதானே அந்தப் பூட்டுக்காரன் கடை?” என்று யாராவது சொல்வார்கள். இடம் பிடித்து இழுக்கும் நினைவை வீட்டில் உட்கார்ந்து இழுக்க முடியாது. முடிந்தால் கீழக்குயில்குடிக்கும் போங்கள். தாமரைக் குளத்தைத் தாண்டி, அய்யனார் கோயிலை ஒட்டிப் படியேறினால் பேச்சிப்பள்ளம். வரிசையாகச் சமணச் சிற்பங்கள், அவற்றின் அடியில் வட்டெழுத்து. உங்கள் கதையின் குன்று அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

குன்று என்றதும் மதுரைக்கு அருகே உள்ள மாங்குளம் நினைவுக்கு வருகிறது. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, கணி நந்தாசிரியன் என்ற துறவிக்குப் பள்ளி, அதாவது தங்கும் இடம், வெட்டுவித்தான் என்கிறது ஒன்று. யார், யாருக்கு, என்ன செய்தார். அவ்வளவுதான். இனி ஆட்டக் குறிப்பை அந்த அளவில் எழுதுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் முடிந்தவுடன், நண்பர்கள் எழுவதற்கு முன்னால், ஒரு பக்கம்: யார் யாருக்கு என்ன செய்தார், என்ன வாக்குக் கொடுத்தார், எது தீராமல் நிற்கிறது. அதை நீங்களே எழுத வேண்டும் என்றும் இல்லை. ஆடுபவர்களில் ஒருவர் முறைவைத்து எழுதட்டும்; தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் எந்தச் செயலி போனாலும் கவலையில்லை. கணினியில் வைப்பதை மூன்று பிரதிகளாக வையுங்கள், இரண்டு வேறு வகைக் கருவிகளில், ஒன்று வீட்டுக்கு வெளியே. எந்தச் செயலியிலும் திறக்கும் எளிய உரைக் கோப்பாக வையுங்கள்.

போனதை முழுக்கத் திரும்ப எழுத முயலாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மேசைக்கு வராத துணைப் பாத்திரங்களில் உங்களுக்கு உயிரானவர்கள் கேட்காமலே நினைவுக்கு வருவார்கள். வராதவர்களை விட்டுவிடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்குத் தேவையானது ஓர் ஊர், மூன்று மனிதர்கள், நண்பர்கள் முடிவெடுக்க வேண்டிய ஒரு சிக்கல். அதை ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடலாம்.

துபாய் நண்பரைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது அதுதான். அவர் பாத்திரத்துக்காக நீங்கள் எழுதி வைத்த வழி தொலைந்துவிட்டது. அவர் தன் பாத்திரத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது தொலையவில்லை. அதை இதுவரை நீங்கள் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். குரல் செய்தி வாங்கும்போது அவரிடமும் வாங்குங்கள். நடுவில் வந்த கதை எதுவும் அவருக்குத் தெரியாது, ஆகவே முதல் பகுதிக்கு அவரே நல்ல சாட்சி. அவருக்கு விடுமுறையான நாளில் அழைத்தால் பேச நேரம் கிடைக்கலாம். குன்றுக்குள் போனவன் என்ன பார்த்தான் என்று அவரையே சொல்லவிடுங்கள். அவர் சொல்வதை மற்றவர்களுக்குக் காட்டாமல் தனியாக எழுதி வையுங்கள்.

அன்புடன்.