சிறுநீரகத்தில் 3 செ.மீ. கட்டி, ஸ்கேனில் புற்றுநோய்ச் சந்தேகம்: சாதாரணக் கட்டியாக இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. 4 செ.மீ.க்குள் இருக்கும்போது அறுத்தெடுத்த கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே இல்லை என்று பிறகு தெரியவருகிறது.

முதலில் கொழுப்பைத் தேட வேண்டும். ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்த சாதாரணக் கட்டிதான் ஆங்கியோமயோலிப்போமா. கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) ஏற்றாத சி.டி.யில் கட்டிக்குள் மைனஸ் 10 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (சி.டி.யில் திசுவின் அடர்த்தியைச் சொல்லும் அலகு) கீழே அளவு காட்டினால் அது கொழுப்பு. பெரும்பாலும் கவலை தீர்ந்தது. (கூடவே சுண்ணாம்புப் படிவும் இருந்தால் தீரவில்லை, புற்றுநோயையும் யோசிக்க வேண்டும்.) தடித்த அடுக்குகளாகப் படம் எடுத்தால் சின்னக் கொழுப்புத் திட்டின் அளவு பக்கத்துத் திசுவோடு கலந்து சராசரியாகி, தெரியாமலே போய்விடும். ஆகவே கான்ட்ராஸ்ட் இல்லாத, மெல்லிய அடுக்குப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். கொழுப்பே கண்ணுக்குத் தெரியாத வகையும் உண்டு. அதை ஸ்கேனை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம்.

புற்றுநோயல்லாத இன்னொரு கட்டியான ஆன்கோசைட்டோமா இன்னும் சிக்கல். நடுவில் நட்சத்திர வடிவத் தழும்பு இருக்கும் என்பார்கள். பாதிக்கு மேற்பட்ட கட்டிகளில் அந்தத் தழும்பே இருக்காது. குரோமோஃபோப் வகைப் புற்றுநோயிலும் அது வரும். தழும்பை வைத்து யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் செஸ்டாமிபி ஸ்பெக்ட் ஸ்கேன் ஓரளவு உதவும்: ஆன்கோசைட்டோமாவின் செல்களில் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பு) நிறைந்திருப்பதால் அந்த மருந்தைப் பிடித்துவைத்து ஒளிரும். குரோமோஃபோப்பிலும் சில அப்படி ஒளிர்வதுதான் தொல்லை.

சாதாரணக் கட்டிகளில் அரிதானது மெட்டாநெஃப்ரிக் அடினோமா. பெண்களுக்கே அதிகம், சிலருக்கு ஹீமோகுளோபின் ஏறியிருக்கும், கட்டியை எடுத்ததும் இறங்கிவிடும். ஸ்கேனில் பாப்பிலரி என்ற வகைச் சிறுநீரகப் புற்றுநோய் போலவே மங்கலாகத் தெரியும். ஊசியால் துண்டெடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் டபிள்யூ.டி.1 என்ற புரதம் பாசிட்டிவாகவும், பிராஃப் வி600இ மரபணு மாற்றமும் இருந்தால் வழக்கு முடிந்த மாதிரிதான். இளவயதில் அடங்காத ரத்த அழுத்தமும் பொட்டாசியம் குறைவும் சேர்ந்திருந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனினின் அளவையும் பாருங்கள். ரெனின் சுரக்கும் கட்டியாக இருக்கலாம்.

பயாப்ஸிக்காக ஊசி குத்தினால் புற்றுநோய் பரவுமே என்ற பயம் பலருக்கு. வெளியே ஒரு உறை ஊசியை நிறுத்தி, அதன் வழியாக 18 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு) ஊசியால் குறைந்தது இரண்டு துண்டு எடுப்பதுதான் முறை. ஊசித் தடத்தில் பரவுவது மிக மிக அரிது. ரத்தக்கசிவுதான் நடைமுறைப் பிரச்சினை, ஆகவே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ‘முடிவு சொல்ல முடியவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் புற்றுநோய் இல்லை என்று அர்த்தமல்ல. மறுபடி எடுக்க வேண்டும்.

எல்லாம் பார்த்தும் அறுவைதான் என்றால், கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தை விட்டுவைக்க முடியுமா என்று தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.