ஊடாடும் ஊடகங்களில், அதாவது நம் தேர்வுக்கேற்ப மாறும் ஊடகங்களில், கட்டுப்பாடு உண்மையிலேயே நம் கையில்தான் இருக்கிறதா?

கொஞ்சம் இருக்கிறது, நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை.

நெட்ஃபிளிக்ஸ் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'பேண்டர்ஸ்நாட்ச்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கதை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பார்ப்பவரையே கேட்கும் படம். காலையில் எந்த தானிய உணவு (சீரியல்) சாப்பிடலாம் என்பதில் கேள்வி தொடங்கும். பதில் சொல்லப் பத்து விநாடி. சும்மா இருந்தால் படமே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் நாயகனுக்கு ஒரு கேம் நிறுவனம் வேலை தரும். 'சரி' என்றால் அவன் செய்த கேம் படுதோல்வியடைந்து, கதை மறுபடி முதலிலிருந்து ஓடும். 'மாட்டேன்' என்றால்தான் மேலே நகரும். இதற்கு எதற்கு நம்மைக் கேட்க வேண்டும்? எத்தனை கிளைகள் என்பதைத்தான் படமெடுத்தவர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்களே. போதாக்குறைக்கு, நாம் அழுத்தியதையெல்லாம் நெட்ஃபிளிக்ஸ் சேமித்து வைத்திருந்ததும் 2019-ல் தெரியவந்தது.

யூடியூபிலும் இதே கதைதான். 2022-ல், ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கிய மொசில்லா நடத்திய ஆய்வில், 'ஆர்வமில்லை' பொத்தான் வேண்டாத பரிந்துரைகளில் சுமார் 11 சதவீதத்தைத்தான் தடுத்தது. 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' என்பது பரவாயில்லை, 43 சதவீதம்.

என்னைக் கேட்டால், பார்த்த வீடியோக்களின் வரலாற்றை அழித்துவிட்டு, அது பதிவாவதையும் நிறுத்திவிடுங்கள். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு, அப்படிச் செய்தால் முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகளே வராது. வேண்டியதை நீங்களே தேடிப் பார்க்கலாம்.